லூப் வைத்து நட்சத்திர வடிவங்கள் அச்சிடுவது: முழுமையான வழிகாட்டி

வேரியபிள், இஃப், லூப் என்று வரிசையாகப் படித்து வருகிறவர்களுக்கு முதல் முட்டுக்கட்டை பெரும்பாலும் நட்சத்திர முக்கோணத்தில்தான் வருகிறது. ஒற்றை லூப் புரிந்துவிடும். லூப்புக்குள் இன்னொரு லூப் வந்ததும், எந்த வேரியபிளை எங்கே போடுவது என்று தெரியாமல், ஒன்றைக் கூட்டிப் பார்ப்போம், ஒன்றைக் கழித்துப் பார்ப்போம் என்று குருட்டாம்போக்கில் இறங்கிவிடுவார்கள். சில நேரம் விடை வந்தும் விடும். அது இன்னும் மோசம். ஏன் வந்தது என்று தெரியாததால் அடுத்த வடிவத்தில் மறுபடி அதே திண்டாட்டம்.

வடிவத்தைப் பார்த்ததும் கீபோர்டில் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. முதலில் ஒரு தாளில் அட்டவணை போடுங்கள்: எத்தனையாவது வரியில் எத்தனை இடைவெளி, எத்தனை நட்சத்திரம். அந்த எண்ணிக்கைக்கும் வரி எண்ணுக்கும் உள்ள உறவு பிடிபட்டுவிட்டால், மிச்சம் வெறும் தட்டச்சு வேலை.

இங்கே எந்த ஒரு மொழியின் புரோகிராமையும் தரப்போவதில்லை. செய்முறையைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். சி, ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எதில் வேண்டுமானாலும் வரிக்கு வரி மாற்றிக்கொள்ளலாம். மொழிக்கு மொழி எங்கே இடறும் என்பதை அங்கங்கே சொல்கிறேன். பைத்தான் 3, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் வேரியபிள் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்க முடியும் என்பதால், கீழே வரும் வரி, கட்டம், உயரம் போன்ற பெயர்களை அப்படியே பயன்படுத்தினாலும் ஓடும்.

## திரை எப்படி எழுதுகிறது

டெர்மினல் பழைய தட்டச்சுப் பொறி மாதிரி. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். ஒரு வரியை முடித்து அடுத்த வரிக்குப் போய்விட்டால், சாதாரண அச்சுக் கட்டளைகளை வைத்து மேலே திரும்பி வர முடியாது. அதனால் எந்த வடிவத்தையும் நாம் வரிவரியாகத்தான் யோசிக்க வேண்டும். முக்கோணம் என்று மனம் முழு வடிவமாகப் பார்க்கும். புரோகிராமுக்குத் தெரிந்ததோ இப்போதைய வரி மட்டும்தான்.

கையில் இருக்கும் சரக்கும் மூன்றே மூன்று எழுத்துகள்: நட்சத்திரம், இடைவெளி, புது வரி. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் இவற்றின் எண்கள் முறையே 42, 32, 10. இடைவெளியும் நட்சத்திரம் போலவே ஓர் எழுத்துதான், அதையும் நாம்தான் அச்சிட வேண்டும். பிரமிட் போடும்போது திணறுகிறவர்களில் பாதிப் பேர் இதை மறந்தவர்கள்.

அடுத்து, வரியை மாற்றாமல் அச்சிடுவது எப்படி என்று உங்கள் மொழியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சி-யின் பிரிண்ட்எஃப் தானாக வரியை மாற்றாது. ஜாவாவில் பிரிண்ட் மாற்றாது, பிரிண்ட்எல்என் மாற்றும். பைத்தானின் பிரிண்ட் ஒவ்வொரு முறையும் மாற்றிவிடும். எண்ட் என்ற அளவுருவுக்கு வெற்றுச் சரத்தைக் கொடுத்தால்தான் அதே வரியில் நிற்கும். ஜாவாஸ்கிரிப்டின் கன்சோல் லாக் எப்போதும் வரியை மாற்றும். அங்கே ஒவ்வொரு வரிக்கும் ஒரு வெற்றுச் சரத்தில் தொடங்கி, எழுத்துகளை ஒட்டிக்கொண்டே போய், கடைசியில் ஒரே தடவை அச்சிடுங்கள்.

## செவ்வகம்

```
உயரம் = 4
அகலம் = 7

வரி = 1 முதல் உயரம் வரை:
    கட்டம் = 1 முதல் அகலம் வரை:
        "*" அச்சிடு
    புது வரி
```

```
*******
*******
*******
*******
```

வெளி லூப் 4 முறை ஓடுகிறது. அதன் ஒவ்வொரு ஓட்டத்திலும் உள் லூப் மறுபடி 1-லிருந்து தொடங்கி 7 வரை ஓடுகிறது. ஆக 28 நட்சத்திரங்கள். எந்த வரி என்பது வெளி லூப்பின் கவலை. அந்த வரியில் எத்தனை எழுத்து என்பது உள் லூப்பின் கவலை. இந்த வேலைப் பிரிவினை கடைசி வடிவம் வரை மாறாது.

'புது வரி' எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். உள் லூப் முடிந்த பிறகு, ஆனால் வெளி லூப்புக்குள். ஒரு படி உள்ளே தள்ளி வைத்தால் வரிக்கு ஒரு நட்சத்திரமாக 28 வரிகள் கொட்டும். ஒரு படி வெளியே எடுத்தால் 28 நட்சத்திரங்களும் ஒரே வரியில் நீளும். இந்த இரண்டில் ஒன்று திரையில் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

உயரம் 5, அகலம் 5 என்று கொடுத்து சதுரம் கேட்டால், நெட்டையான செவ்வகம்தான் கண்ணுக்குத் தெரியும். உங்கள் கணக்கில் பிழையில்லை. டெர்மினலில் ஓர் எழுத்துக்கு ஒதுக்கப்படும் பெட்டியின் உயரம் அதன் அகலத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பின்னால் ஓர் இடைவெளி சேர்த்து அச்சிட்டால் சதுரம் சதுரமாகத் தெரியும்.

## சாய்வு முக்கோணம்: அட்டவணை போடும் பழக்கம்

```
*
**
***
****
*****
```

அட்டவணை: வரி 1-ல் 1 நட்சத்திரம், 2-ல் 2, 3-ல் 3. நட்சத்திரங்களின் எண்ணிக்கை வரி எண்ணுக்குச் சமம். அப்படியென்றால் உள் லூப்பின் எல்லை ஒரு நிலையான எண்ணாக இல்லாமல், வெளி லூப்பின் வேரியபிளாகவே இருக்க வேண்டும்.

```
வரி = 1 முதல் உயரம் வரை:
    கட்டம் = 1 முதல் வரி வரை:
        "*" அச்சிடு
    புது வரி
```

செவ்வகத்தோடு ஒப்பிட்டால் மாறியது ஒரே ஒரு சொல். இதை உயரம் 3 என்று வைத்து கையால் ஓட்டிப் பார்ப்போம். வரி 1 ஆக இருக்கும்போது கட்டம் 1 முதல் 1 வரை: ஒரு நட்சத்திரம், பிறகு புது வரி. வரி 2 ஆகிறது. கட்டம் பழைய மதிப்பை மறந்து மீண்டும் 1-ல் தொடங்குகிறது, 2 வரை போகிறது: இரண்டு நட்சத்திரம், புது வரி. வரி 3, கட்டம் 1, 2, 3, மூன்று நட்சத்திரம், புது வரி. வரி 4 ஆனதும் உயரத்தைத் தாண்டிவிட்டதால் வெளி லூப் நிற்கிறது. மொத்தம் 6 நட்சத்திரங்கள். உயரம் எதுவானாலும் மொத்தம், உயரம் × (உயரம் + 1) ÷ 2. இப்படி ஒரு தடவையாவது தாளில் எழுதி ஓட்டிப் பாருங்கள். சலிப்பாக இருக்கும், ஆனால் லூப்புக்குள் லூப் என்பது இதில்தான் மண்டையில் ஏறுகிறது.

தலைகீழ் முக்கோணத்துக்கு அட்டவணை 5, 4, 3, 2, 1 என்று இறங்கும். இறங்குமுகமாக ஒரு எண்ணிக்கை வந்தால் வரி எண்ணையும் அதையும் கூட்டிப் பாருங்கள். 1 + 5, 2 + 4, 3 + 3, எல்லாமே 6. அந்த 6 என்பது உயரம் + 1. ஆகவே நட்சத்திரம் = உயரம் + 1 - வரி. வெளி லூப்பையே உயரத்திலிருந்து 1 வரை பின்னோக்கி ஓட்டினாலும் இதே வடிவம் வரும். இரண்டும் சரிதான். நான் முதல் வழியைத்தான் எடுப்பேன், ஏனென்றால் வரி எண் எப்போதும் மேலிருந்து கீழே ஏறுகிறது என்ற ஒரே நினைப்போடு எல்லா வடிவத்தையும் போட முடியும்.

எண்ணத் தொடங்குவது 0-விலா 1-லா என்பதையும் இங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். 0-வில் தொடங்கினால் சாய்வு முக்கோணத்துக்கு வரி + 1, தலைகீழுக்கு உயரம் - வரி என்று சூத்திரம் மாறும். எதுவும் தப்பில்லை, கலக்காமல் இருந்தால் சரி. பைத்தானில் ரேஞ்ச் 1, 5 என்று எழுதினால் 4-லேயே நின்றுவிடும், கடைசி எண் சேராது. ஒரு வரி குறைகிறது, ஒரு நட்சத்திரம் குறைகிறது என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

## இடைவெளியும் சேர்ந்தால்: பிரமிட்

முக்கோணத்தை வலப்பக்கம் ஒட்ட வைக்க, ஒவ்வொரு வரியிலும் நட்சத்திரத்துக்கு முன்னால் இடைவெளி தேவை. உயரம் 5 என்றால் இடைவெளிகள் 4, 3, 2, 1, 0. வரி எண்ணோடு கூட்டினால் எப்போதும் 5. ஆக இடைவெளி = உயரம் - வரி.

இனிமேல் உள் லூப்பைச் சுருக்கமாக "இத்தனை தடவை" என்று எழுதுகிறேன். 1-லிருந்து அந்த எண் வரை ஓடும் லூப் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 0 தடவை என்றால் ஒரு முறைகூட ஓடாது.

```
வரி = 1 முதல் உயரம் வரை:
    (உயரம் - வரி) தடவை:
        " " அச்சிடு
    (வரி) தடவை:
        "*" அச்சிடு
    புது வரி
```

இரண்டு உள் லூப்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே படியில் நிற்கின்றன. முதல் லூப் முழுதும் முடிந்த பிறகுதான் இரண்டாவது தொடங்கும். இரண்டாவதை முதலாவதின் உள்ளே தள்ளிவிட்டால் இடைவெளியும் நட்சத்திரமும் மாறி மாறி வந்து கந்தல் ஆகிவிடும்.

பிரமிடுக்கு இடைவெளி அதேதான். நட்சத்திரங்கள் மட்டும் 1, 3, 5, 7, 9. இரண்டிரண்டாக ஏறுவதால் சூத்திரத்தில் 2 × வரி இருந்தே தீர வேண்டும். வரி 1-ல் அது 2 தருகிறது, நமக்கு வேண்டியது 1. ஆகவே 2 × வரி - 1. எந்த வடிவத்திலும் இப்படித்தான்: அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை வரி எண்ணால் பெருக்கு, பிறகு முதல் வரியில் எவ்வளவு இடிக்கிறது என்று பார்த்துக் கூட்டு அல்லது கழி. மும்மூன்றாக ஏறும் வடிவம் கொடுத்தாலும் இதே வழிதான்.

```
வரி = 1 முதல் உயரம் வரை:
    (உயரம் - வரி) தடவை:
        " " அச்சிடு
    (2 × வரி - 1) தடவை:
        "*" அச்சிடு
    புது வரி
```

வடிவம் கோணலாக வந்தால், இடைவெளிக்குப் பதில் தற்காலிகமாகப் புள்ளி அச்சிட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்தை எண்ண முடியாது, புள்ளியை எண்ணலாம்.

```
....*
...***
..*****
.*******
*********
```

இன்னொரு சோதனை: இந்தப் பிரமிடில் உள்ள நட்சத்திரங்களின் மொத்தம் உயரத்தின் வர்க்கம். முதல் 5 ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் 25. உள் லூப்பில் ஒரு கவுண்டர் வைத்து எண்ணி, 25 வராவிட்டால் எங்கோ பிசகியிருக்கிறது.

வலப்பக்கம் இடைவெளி போட வேண்டுமா என்று கேட்பார்கள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, விட்டுவிடலாம். ஆனால் விடையைத் தானாகத் திருத்தும் தளங்களில் சில, வரிக்கடைசி இடைவெளியையும் சேர்த்தே ஒப்பிடும். கேள்வியில் என்ன கேட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறுக்கு வழியும் உண்டு. வலப்பக்க முக்கோணத்தின் செய்முறையில், நட்சத்திரத்துக்குப் பின் ஓர் இடைவெளி சேர்த்து "* " என்று அச்சிட்டாலே அது பிரமிட் ஆகிவிடும். ஒவ்வொரு நட்சத்திரமும் இரண்டு கட்டம் எடுப்பதால், இடப்பக்கம் ஒரு கட்டம் குறையும் அதே வரியில் வலப்பக்கம் ஒரு கட்டம் நீள்கிறது. பைத்தானில் சரத்தை எண்ணால் பெருக்கலாம் என்பதால் உள் லூப்பே இல்லாமலும் முடிக்கலாம். வேலைக்கு அது நல்லது. பழகும் காலத்தில் வேண்டாம் என்பேன். உள் லூப்பைப் பழகத்தானே இவ்வளவும்.

## வைரம்

நிமிர்ந்த பிரமிடின் கீழ் கவிழ்ந்த பிரமிட். இரண்டு வெளி லூப்களாக எழுதும்போது, கீழ்ப்பாதி உயரம் - 1-லிருந்து தொடங்க வேண்டும். இல்லையென்றால் நடுவரி இரண்டு முறை வந்து வைரத்துக்கு இடுப்புப் பட்டை கட்டியது போல ஆகிவிடும்.

ஒரே லூப்பில் முடிக்க ஒரு அழகான வழி: வரியை மேலிருந்து எண்ணாமல், நடுவரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்று எண்ணுவது. பாதி உயரம் 4 என்றால் தூரம் -3-லிருந்து 3 வரை ஓடும், மொத்தம் 7 வரிகள். மைனஸ் குறியை நீக்கிய மதிப்பு 3, 2, 1, 0, 1, 2, 3. இடைவெளிகளின் எண்ணிக்கையும் அச்சு அசலாக அதுவேதான்.

```
பாதி = 4
தூரம் = -(பாதி - 1) முதல் (பாதி - 1) வரை:
    தள்ளி = தூரத்தின் குறியற்ற மதிப்பு
    (தள்ளி) தடவை:
        " " அச்சிடு
    (2 × (பாதி - தள்ளி) - 1) தடவை:
        "*" அச்சிடு
    புது வரி
```

```
   *
  ***
 *****
*******
 *****
  ***
   *
```

மேல்பாதியும் கீழ்பாதியும் கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் எல்லா வடிவத்துக்கும் இந்த உத்தி எடுபடும். மணற்கடிகை வேண்டுமா? இடைவெளியை பாதி - 1 - தள்ளி என்றும், நட்சத்திரத்தை 2 × தள்ளி + 1 என்றும் மாற்றுங்கள், போதும்.

## எண்ணுவதை விட்டுக் கேள்வி கேட்பது

இதுவரை செய்தது எல்லாம் எண்ணிக்கை. நடுவே காலியாக இருக்கும் சதுரம், பெருக்கல் குறி போன்றவற்றுக்கு எண்ணிக்கை முறை கசந்துவிடும்: முதல் வரி ஒரு மாதிரி, நடுவரிகள் ஒரு மாதிரி, கடைசி வரி ஒரு மாதிரி. அங்கே வேறு பக்கமிருந்து யோசிக்க வேண்டும். முழுச் செவ்வகத்தையும் கட்டம் கட்டமாக நடந்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வி: இங்கே நட்சத்திரம் உண்டா, இல்லையா?

```
வரி = 1 முதல் அளவு வரை:
    கட்டம் = 1 முதல் அளவு வரை:
        (நிபந்தனை) என்றால்:
            "*" அச்சிடு
        இல்லையென்றால்:
            " " அச்சிடு
    புது வரி
```

இந்தச் சட்டகம் அப்படியே இருக்கட்டும், நிபந்தனையை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்.

விளிம்பு மட்டும் உள்ள சதுரம்: வரி = 1, அல்லது வரி = அளவு, அல்லது கட்டம் = 1, அல்லது கட்டம் = அளவு.

பெருக்கல் குறி: வரி = கட்டம், அல்லது வரி + கட்டம் = அளவு + 1. முதல் பாதி இடமேலிருந்து வலக்கீழ் போகும் மூலைவிட்டம், இரண்டாவது அதற்கு எதிர் மூலைவிட்டம். அளவு ஒற்றைப்படையாக இருந்தால்தான் இரண்டும் ஒரே கட்டத்தில் வெட்டிக்கொள்ளும். இரட்டைப்படை என்றால் நடுவில் நான்கு நட்சத்திரங்கள் கும்பலாக நிற்கும்.

சதுரங்கப் பலகை: வரி + கட்டம் இரட்டைப்படை.

கூட்டல் குறி: வரி = நடு, அல்லது கட்டம் = நடு. நடு என்பது (அளவு + 1) ÷ 2.

இப்போது வைரத்தையே இந்த முறையில் கேட்டுப் பாருங்கள். நடுக்கட்டத்திலிருந்து மேல்கீழாக எத்தனை கட்டம் தள்ளி, பக்கவாட்டில் எத்தனை கட்டம் தள்ளி, இரண்டையும் கூட்டு. அந்தக் கூட்டல் 3-ஐத் தாண்டாத கட்டங்களில் எல்லாம் நட்சத்திரம் போட்டால் 7 வரி வைரம் நிறைந்து வரும். சரியாக 3 ஆக இருக்கும் கட்டங்களில் மட்டும் போட்டால் வைரத்தின் விளிம்பு மட்டும் நிற்கும்:

```
   *
  * *
 *   *
*     *
 *   *
  * *
   *
```

"தாண்டாத" என்பதை "சரியாக" என்று மாற்றினாலே உள்ளீடு காலியாகிவிடுகிறது. எண்ணிக்கை முறையில் இதற்குள் மூன்று உள் லூப்களும் நுனிவரிகளுக்குத் தனி இஃபும் எழுதியிருப்போம்.

இந்த முறையில் எல்லோரும் விடும் ஓட்டை, 'இல்லையென்றால்' பகுதி. அதை எழுதாவிட்டால் காலிக் கட்டங்களில் எதுவுமே அச்சாகாது, அடுத்த நட்சத்திரம் இடப்பக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். 5 × 5 பெருக்கல் குறி இப்படிக் கிடைக்கும்:

```
**
**
*
**
**
```

எதற்கு எந்த முறை? நிறைந்த வடிவம் என்றால் எண்ணிக்கை. காலி நடு, குறுக்குக் கோடு என்றால் கேள்வி. இரண்டும் கலந்தால் கேள்வியே மேல்.

## எண் வடிவங்கள்

சாய்வு முக்கோணத்தில் "*" இருந்த இடத்தில் கட்டம் என்ற வேரியபிளை அச்சிட்டால் 1, 12, 123 என்று வரும். வரி என்ற வேரியபிளை அச்சிட்டால் 1, 22, 333. லூப் ஒன்றே, எதை அச்சிடுகிறோம் என்பதுதான் மாறுகிறது. எண் ஒரே வரிக்குள் மாறுகிறதா, வரிக்கு வரி மாறுகிறதா என்று பார்த்தாலே எந்த வேரியபிள் என்பது தெரிந்துவிடும்.

இரண்டும் இல்லாத ஒன்று ஃபிளாய்டு முக்கோணம். அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ராபர்ட் ஃபிளாய்டின் பெயரில் வழங்குவது. 1978-ல் டூரிங் விருது பெற்றவர்.

```
1
2 3
4 5 6
7 8 9 10
```

எண் வரியைத் தாண்டியும் தொடர்கிறது. அதனால் ஒரு தனிக் கவுண்டர் வேண்டும், அது இரண்டு லூப்களுக்கும் வெளியே 1 என்று தொடங்க வேண்டும். ஒவ்வொரு அச்சுக்குப் பிறகும் ஒன்று கூட்டுங்கள். கவுண்டரைத் தவறி வெளி லூப்புக்குள் தொடங்கினால் ஒவ்வொரு வரியும் மறுபடி 1-லிருந்து ஆரம்பித்து, பழைய 1, 1 2, 1 2 3 வந்து நிற்கும். ஒரு வேரியபிளைப் படியில் எங்கே பிறக்க வைக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 10 வந்ததும் நிரைகள் கோணலாகும்; எண்ணை 3 கட்ட அகலத்தில் வலம் ஒட்டி அச்சிடும் வசதி எல்லா மொழியிலும் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

ஏறி இறங்கும் பிரமிடுக்கு மூன்று உள் லூப்கள்: இடைவெளி, 1 முதல் வரி வரை, பிறகு வரி - 1-லிருந்து 1 வரை.

```
   1
  121
 12321
1234321
```

போகிற போக்கில்: இந்த வரிகள் 1, 11, 111, 1111 ஆகியவற்றின் வர்க்கங்கள். 9 வரி வரை இந்த ஒற்றுமை நீடிக்கும், அப்புறம் மீதி ஏறிக் குழம்பிவிடும்.

எழுத்துகளால் முக்கோணம் போடவும் இதே வழிதான்: முதல் எழுத்தின் குறியீட்டு எண்ணோடு ஒன்று ஒன்றாகக் கூட்டி, எழுத்தாக மாற்றி அச்சிடுவது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 65-லிருந்து 90 வரை இடைவிடாமல் இருப்பதால் சிக்கலில்லை. தமிழில் முயன்றால் ஒரு பள்ளம் இருக்கிறது. யூனிகோடில் அ-வின் எண் 2949, ஊ 2954. அதற்கடுத்த மூன்று இடங்கள் காலி. எ 2958-ல்தான் வருகிறது. ஐ 2960-ல் முடிந்ததும் 2961 மறுபடி காலி. வெறுமனே கூட்டிக்கொண்டே போனால் ஊ-வுக்குப் பிறகு திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் ஒரு பட்டியலில் வைத்து வரிசை எண்ணால் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துகளின் அகலமும் ஒன்றுபோல இருக்காது என்பதால் பிரமிட் நேராக நிற்காது. இடப்பக்கம் ஒட்டிய முக்கோணத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

## சரியாக வராதபோது

முதலில் சின்ன அளவில் ஓட்டுங்கள். உயரம் 1, 2, பிறகு 0. உயரம் 1-ல் தப்பாக வரும் சூத்திரம் 10-ல் சரியாக வரப்போவதில்லை. 0 கொடுத்தால் எதுவும் அச்சாகக் கூடாது.

உள் லூப்புக்கும் வெளி லூப்புக்கும் ஒரே வேரியபிள் பெயரை வைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். சி-யில் 5 × 5 சதுரத்துக்கு அப்படி வைத்தால் ஒரே வரியோடு புரோகிராம் முடிந்துவிடும்: உள் லூப் முடியும்போதே அந்த வேரியபிள் 6 ஆகிவிட்டது, வெளி லூப்பும் தன் வேலை முடிந்ததாக நினைக்கிறது. பைத்தானின் ஃபார் லூப் அடுத்த மதிப்பை ரேஞ்சிலிருந்து எடுப்பதால் அதே பிழை அங்கே வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும்.

பைத்தானில் நடுவைக் கண்டுபிடிக்க ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால் 6 ÷ 2 கூட 3.0 என்று தசமமாக வரும், அதை ரேஞ்ச் ஏற்காமல் பிழை காட்டும். இரட்டைச் சாய்கோடு போடுங்கள்.

## பாஸ்கல் முக்கோணம்

ஒவ்வொரு எண்ணும் முந்தைய வரியில் அதற்கு மேலே உள்ள இரண்டு எண்களின் கூட்டலாக வரும் முக்கோணம் இது; ஓரங்களில் எப்போதும் 1. இங்கே மட்டும் 0-விலிருந்து எண்ணினால் கணக்கு எளிது. ஒவ்வொரு வரியும் 1-ல் தொடங்குகிறது. அடுத்த எண்ணைப் பெற, இப்போதைய எண்ணை (வரி - இடம்) ஆல் பெருக்கி (இடம் + 1) ஆல் வகுக்க வேண்டும்.

```
வரி = 0 முதல் (உயரம் - 1) வரை:
    எண் = 1
    இடம் = 0 முதல் வரி வரை:
        எண், " " அச்சிடு
        எண் = எண் × (வரி - இடம்) ÷ (இடம் + 1)
    புது வரி
```

வரி 4-ல் பாருங்கள்: 1; 1 × 4 ÷ 1 = 4; 4 × 3 ÷ 2 = 6; 6 × 2 ÷ 3 = 4; 4 × 1 ÷ 4 = 1. பெருக்கலை முதலிலும் வகுத்தலைப் பிறகும் செய்தால் எப்போதும் மீதியில்லாமல் வகுபடும். மாற்றிச் செய்தால் முழு எண் வகுத்தலில் பின்னம் உதிர்ந்து விடை கெட்டுவிடும். பல இடங்களில் இதையே ஃபேக்டோரியல் (1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கிய விடை) வைத்துச் செய்யச் சொல்வார்கள். 13-இன் ஃபேக்டோரியலே 32 பிட் முழு எண்ணில் அடங்காது என்பதால் அந்த வழி சீக்கிரம் முட்டிக்கொள்ளும்.

எண்களை அச்சிடாமல், ஒற்றைப்படைக்கு நட்சத்திரம், இரட்டைப்படைக்கு இடைவெளி என்று கேட்டுப் பாருங்கள். 8 வரியில் இது வரும்:

```
*
**
* *
****
*   *
**  **
* * * *
********
```

போலந்துக் கணிதவியலாளர் சியர்பின்ஸ்கி 1915-ல் விவரித்த முக்கோணத்தின் சாயல் இது. 16, 32, 64 என்று உயரத்தை இரட்டித்துக்கொண்டே போனால், முந்தைய வடிவமே மூன்று பிரதிகளாகப் புதியதற்குள் உட்காரும். ஆனால் 32-க்குப் போகும்போது மேலே உள்ள கணக்கு ஜாவாவின் சாதாரண இன்ட் வகையில் உடைந்துவிடும்: வரி எண் 30-இன் நடுவில் பெருக்கல் 232 கோடியைத் தாண்டுகிறது, 32 பிட் குறியுள்ள எண்ணின் உச்சமோ 214 கோடி சொச்சம். லாங் வகைக்கு மாற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டலாம். பெருக்கலே வேண்டாமென்றால் பிட்வைஸ் ஆண்ட் போதும்: இரண்டு எண்களையும் 0, 1 பிட்களாக எழுதி, இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 வைக்கும் கணக்கு அது. இடத்தையும் வரியையும் பிட்வைஸ் ஆண்ட் செய்து, விடை மறுபடி இடமாகவே வந்தால் அந்த எண் ஒற்றைப்படை.

```
வரி = 0 முதல் (உயரம் - 1) வரை:
    இடம் = 0 முதல் வரி வரை:
        (இடம் ஆண்ட் வரி) = இடம் என்றால்:
            "*" அச்சிடு
        இல்லையென்றால்:
            " " அச்சிடு
    புது வரி
```

உயரம் 64 கொடுக்கும் முன் டெர்மினல் ஜன்னலை 64 எழுத்துக்கு மேல் அகலமாக இழுத்துவிடுங்கள். வரி மடிந்தால் வடிவம் தெரியாது.